46ஆ, 92ஆ? செல் பிரியும்போது குரோமோசோமை எண்ணுவது எப்படி?

செங்காங்_அப்பா | திங்கள், இரவு 9.12

வணக்கம். மகள் ஜேசி (ஜூனியர் காலேஜ்) முதலாம் ஆண்டு, எச்2 நிலை உயிரியல் எடுத்திருக்கிறாள். புரோமோஸ், அதாவது அடுத்த ஆண்டுக்குப் போவதற்கான தேர்வு, நெருங்குகிறது, வீட்டில் இப்போது சாப்பாட்டு மேசையில்கூட செல் பிரிவுதான் பேச்சு.

சிக்கல் இதுதான். செல் பிரிவதற்கு முன்னால் டிஎன்ஏ நகலெடுத்து முடிந்ததும் மனித செல்லில் 92 குரோமோசோம் இருக்கும் என்று டியூஷன் நோட்ஸில் அச்சடித்திருக்கிறார்கள். பள்ளியில் கொடுத்த விடைத்தாளில் அதே இடத்தில் 46. எது சரி?

இன்னொன்று. உடல் செல்கள் பெருகும் சாதாரணப் பிரிவு மைட்டாசிஸ், முட்டையும் விந்தும் உண்டாக்கும் பிரிவு மியாசிஸ், அதுவரை எனக்கும் தெரியும். ஒரு காணொளியில் ஒருவர், 'மியாசிஸ் என்பது மைட்டாசிஸ் இரண்டு தடவை நடப்பது, அவ்வளவுதான்' என்று முடித்துவிட்டார். மகள் அதைத் தப்பு என்கிறாள். ஏன் என்று கேட்டால் கோஹீசின், கைனடோகோர் என்று அடுக்குகிறாள். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவன். எனக்கும் விளங்குகிற மாதிரி யாராவது சொன்னால் நல்லது.

மனப்பாட_மன்னன் | திங்கள், இரவு 9.30

அண்ணே, பழைய தேர்வுத்தாள்களை எடுத்து விடையை அப்படியே மனப்பாடம் பண்ணச் சொல்லுங்கள். புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்று பிரிவுக்கு நான்கு கட்டம். வரிசை தெரிந்தால் போதும். இந்தப் பாடத்தில் யோசிக்க ஒன்றும் இல்லை.

உமா_டீச்சர் | திங்கள், இரவு 10.05

மன்னன் தம்பி, வரிசையை மட்டும் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள்தான் படம் கொடுத்துக் கேட்டால் மாட்டிக்கொள்கிறார்கள். நீண்ட காலம் ஜேசி பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவள், அதனால் சொல்கிறேன்.

அப்பா சார், முதலில் எண்ணிக்கை. டிஎன்ஏ நகலெடுத்து முடிந்ததும் ஒவ்வொரு குரோமோசோமிலும் ஒரே மாதிரி இரண்டு இழைகள் இருக்கும். அவற்றைச் சகோதரி குரோமாட்டிட்கள் என்பார்கள். இரண்டும் சென்ட்ரோமியர் பகுதியில் சேர்ந்திருக்கும் வரை அது ஒரே குரோமோசோம்தான். தெக்கா சந்தையில் வாழைப்பழம் வாங்கும்போது சில சமயம் இரண்டு பழம் ஒட்டிப் பிறந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். காம்பை எண்ணினால் ஒன்று, பழத்தை எண்ணினால் இரண்டு. குரோமோசோம் கணக்கில் எண்ண வேண்டியது காம்பை. உங்கள் நோட்ஸ்காரர் பழத்தை எண்ணிவிட்டார். 92 குரோமாட்டிட் என்று எழுதியிருந்தால் தவறே இல்லை.

ஆனால் 92 குரோமோசோம் நிஜமாகவே இருக்கும் ஒரு சின்ன இடைவெளியும் உண்டு. மைட்டாசிஸில் அனாஃபேஸ் தொடங்கி சகோதரிகள் பிரிந்த அந்த நொடியிலிருந்து, செல் இரண்டாகத் துண்டாகும் வரை. பிரிந்த ஒவ்வொன்றும் அப்போது தனிக் குரோமோசோம். பிறகு இந்தப் பக்கம் 46, அந்தப் பக்கம் 46. தேர்வில் இந்த இடத்தைத்தான் விரும்பிக் கேட்பார்கள்.

இப்போது அந்தக் காணொளி சொன்ன விஷயம். மைட்டாசிஸில் 46 குரோமோசோமும் செல்லின் நடுவில் தனித்தனியாக வந்து நிற்கும். அம்மா தந்த 7ஆம் குரோமோசோமும் அப்பா தந்த 7ஆம் குரோமோசோமும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. மியாசிஸின் முதல் பிரிவில் அப்படி இல்லை. ஜோடி ஜோடியை தேடிப் பிடிக்கும், பக்கத்தில் பக்கமாக ஒட்டும், துண்டுகளை மாற்றிக்கொள்ளும், 23 ஜோடிகளாக நடுவில் நிற்கும். பிரியும்போது ஒவ்வொரு ஜோடியிலும் அம்மாவுடையது ஒரு பக்கம், அப்பாவுடையது மறுபக்கம். சகோதரிகள் இன்னும் சேர்ந்தே இருக்கிறார்கள். இரண்டாம் பிரிவில்தான் அவர்கள் பிரிகிறார்கள்.

அதாவது மைட்டாசிஸ் முடிந்தால் 46. மியாசிஸ் முதல் பிரிவு முடிந்ததும் செல்லுக்கு 23, ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டு இழை. இரண்டாவது முடிந்ததும் 23, ஒவ்வொன்றிலும் ஒரே இழை. எண்ணிக்கை பாதியாவது முதல் பிரிவில். மைட்டாசிஸை இரண்டு தடவை நடத்தினால் எண்ணிக்கை பாதியாகாது, நான்கு 46 செல்தான் கிடைக்கும். எந்தப் படத்தைப் பார்த்தாலும் மகளை ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: இப்போது யார் யாரை விட்டுப் பிரிகிறார்கள்?

மனப்பாட_மன்னன் | திங்கள், இரவு 10.20

டிஎன்ஏ மூலக்கூறு 92 இருக்கிறது இல்லையா டீச்சர்? அப்புறம் 92 என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? வெறும் சம்பிரதாயத்துக்காக மார்க் குறைக்கிறார்கள்.

உமா_டீச்சர் | திங்கள், இரவு 10.31

சம்பிரதாயம் இல்லை தம்பி. செல்லே அப்படித்தான் நடத்துகிறது. சேர்ந்திருக்கும் வரை இரண்டும் ஒரே அலகாக நகரும், ஒரே இடத்தில் நிற்கும். 92 என்று எழுதிவிட்டால் அடுத்த கேள்வியில் மியாசிஸ் முதல் பிரிவு முடிவில் 46 என்று எழுதுவீர்கள், பாதியானதே தெரியாமல் போய்விடும்.

செங்காங்_அப்பா | செவ்வாய், காலை 7.48

எம்ஆர்டி ரயிலில் படித்துக்கொண்டே வந்தேன். நன்றி டீச்சர். இப்போது என் துறை ஆள் கேட்கும் கேள்வி. பிரிக்கும் சக்தி எங்கிருந்து வருகிறது? எல்லாம் சரியாக மாட்டியிருக்கிறது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? 46 உருப்படியில் ஒன்று மாட்டாமல் இருந்தாலே கதை கெட்டுவிடுமே.

உமா_டீச்சர் | செவ்வாய், மாலை 4.15

இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும், யாரும் கேட்பதில்லை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

செல்லின் இரு துருவங்களிலிருந்தும் நுண்குழல்கள் நீண்டு வரும். அவைதான் கதிர்க்கோல் இழைகள். டியூபுலின் என்ற புரதத்தைக் கோத்துக் கோத்து வளரும், கழற்றிக் கழற்றிச் சுருங்கும். ஒவ்வொரு சகோதரியின் சென்ட்ரோமியரிலும் கைனடோகோர் என்ற பிடிமானம் இருக்கிறது. நுண்குழல் வந்து அதைப் பற்றிக்கொள்ளும். அனாஃபேஸில் நுண்குழல் பற்றிய முனையில் கழன்று குட்டையாகக் குட்டையாக, கைனடோகோரும் கூடவே துருவத்தை நோக்கிப் போகும்.

சகோதரிகளைச் சேர்த்து வைத்திருப்பது கோஹீசின். இரண்டு இழைகளையும் உள்ளே விட்டுச் சுற்றி வளைத்த புரத வளையம். ஒரு சகோதரி வடக்கே இழுக்கப்பட, மற்றவள் தெற்கே இழுக்கப்பட, நடுவில் கோஹீசின் விடாமல் பிடிக்க, அங்கே இழுவிசை உண்டாகிறது. செல் அளப்பது அந்த இழுவிசையைத்தான். இரண்டுமே ஒரே துருவத்தில் மாட்டியிருந்தால் இழுவிசை வராது, அரோரா பி என்ற நொதி அந்தத் தப்புப் பிடியைத் தளர்த்திவிடும். மறுபடி முயற்சி.

மாட்டாமல் ஒரே ஒரு கைனடோகோர் இருந்தாலும் அது 'நில்' என்று சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். கடைசி ஆளும் மாட்டிக்கொண்டதும் சமிக்ஞை நிற்கும். உடனே செக்யூரின் என்ற காவல் புரதம் அழிக்கப்படும், அது கட்டிப் போட்டிருந்த செபரேஸ் என்ற நொதி விடுதலையாகி கோஹீசினை வெட்டும். 46 இடத்திலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில். மெக்கானிக்கல் ஆளுக்கு இதைவிட நல்ல இன்டர்லாக் காட்ட முடியாது.

இப்போது மியாசிஸுக்கு வாருங்கள். முதல் பிரிவில் சகோதரிகள் இருவரும் ஒரே துருவத்துக்குப் போக வேண்டும், அதனால் அவர்களின் இரண்டு கைனடோகோரும் சேர்ந்து ஒன்றாக வேலை செய்யும். அப்படியானால் இழுவிசை எங்கிருந்து வரும்? ஜோடிகளுக்கு நடுவிலிருந்து. ஜோடியை ஜோடியோடு கட்டி வைத்திருப்பது எது? குறுக்கே கலந்த அந்த இடம், கயாஸ்மா. துண்டு மாற்றிக்கொண்ட இடத்துக்கு அப்பால் உள்ள கைகளில் (சென்ட்ரோமியரிலிருந்து நீளும் பகுதிகளைக் கை என்பார்கள்) சகோதரிகளைக் கோஹீசின் பிடித்திருப்பதால் ஜோடி கழன்று போகாது.

குறுக்கே கலப்பது பிள்ளைகள் விதவிதமாகப் பிறப்பதற்காக என்றுதான் நோட்ஸில் இருக்கும். அது உண்மை, ஆனால் பாதி உண்மை. அந்த முடிச்சு விழாவிட்டால் ஜோடி சரியாகப் பிரியவே பிரியாது. முடிச்சு விழாத ஜோடி இரண்டும் ஒரே பக்கம் போகலாம், எப்படியும் போகலாம்.

பிறகு வெட்டும் முறை. முதல் பிரிவில் செபரேஸ் கைகளில் உள்ள கோஹீசினை மட்டும் வெட்டும். சென்ட்ரோமியரில் உள்ளதை ஷுகோஷின் என்ற புரதம் காத்து நிற்கும். இரண்டாம் பிரிவில் அந்தக் காவல் விலகும், மிச்சமும் வெட்டுப்படும். ஒரே பிடியை இரண்டு தவணையாக அவிழ்ப்பதுதான் மியாசிஸ். உங்கள் மகள் கோஹீசின் என்று சொன்னது சும்மா மிரட்ட இல்லை சார், காணொளிக்காரருக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

செங்காங்_அப்பா | செவ்வாய், மாலை 6.02

இன்டர்லாக் என்றதும் பிடிபட்டுவிட்டது. மகளிடம் காட்டினேன், 'இதைத்தானே நான் சொன்னேன்' என்கிறாள்.

ஸ்லைடு_மாமா | செவ்வாய், இரவு 8.40

நான் மருத்துவ ஆய்வகத்தில் குரோமோசோம் பார்க்கிற வேலையில் இருந்தவன். 46 என்ற எண் பாடப்புத்தகத்தில் எளிதாகக் கிடக்கிறதே, அது நம்ம வட்டாரத்துக்காரர் ஒருவர் எண்ணிச் சொன்னது, தெரியுமா? தியோ ஜோ ஹின், 1919இல் ஜாவாவின் பெகாலோங்கானில் பிறந்த சீனர். ஜப்பானியர் ஆட்சியில் சிறையில் கிடந்து மீண்டவர். 1955 டிசம்பரில் சுவீடனின் லுண்ட் நகரில், கருவின் நுரையீரல் செல்களை வளர்த்துப் பார்த்தபோது எண்ணிக்கை 46 என்று கண்டார். ஆல்பர்ட் லெவானோடு சேர்ந்து 1956இல் வெளியிட்டார். அதற்கு முன்னால் முப்பது வருடமாக உலகமே 48 என்று சொல்லிக்கொண்டிருந்தது. 1923இல் பெயின்டர் என்ற அமெரிக்கர் எண்ணியது அது.

48 என்று ஏன் பார்த்தார்கள்? குரோமோசோம்கள் ஒன்றின் மேல் ஒன்று குவிந்து கிடக்கும். மெல்லிய சீவலாக வெட்டிய திசுவில் பார்த்தால் எது எங்கே முடிகிறது என்று தெரியாது. தியோவுக்கு இரண்டு உத்தி கைகொடுத்தன. ஒன்று, செல்லை உப்பு குறைந்த நீரில் ஊறவைத்து உப்பச் செய்வது. இன்னொன்று, கால்ச்சிசின் என்ற மருந்தால் நுண்குழலைக் கெடுத்து, செல்லை மெட்டாஃபேஸிலேயே, அதாவது குரோமோசோம்கள் நடுவில் வந்து நிற்கும் கட்டத்திலேயே, நிறுத்திவைப்பது.

ஆய்வகத்தில் இன்றைக்கும் அடிப்படை அதேதான். ரத்தத்தில் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, அதனால் வெள்ளையணுதான் வேண்டும். அது சும்மா பிரியாது. சிவப்பு ராஜ்மா பயற்றிலிருந்து எடுக்கும் பிஎச்ஏ என்ற பொருளைப் போட்டு உசுப்பினால் பிரியத் தொடங்கும். சுமார் மூன்று நாள் வளர்த்து, கடைசியில் கால்ச்சிசினின் உறவுக்கார மருந்தைச் சேர்த்து நிறுத்தி, உப்பவைத்து, மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்றாகக் கலந்ததில் பதப்படுத்தி, கண்ணாடித் தகட்டில் உயரத்திலிருந்து சொட்டு விடுவோம். பிறகு ஜீம்சா சாயம். ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனி வரி வரும், அதை வைத்து அடையாளம் காண்போம். பொதுவாக 20 செல்லாவது பார்த்த பிறகுதான் முடிவு எழுதுவோம்.

டீச்சர் சொன்ன காம்புக் கணக்கில்தான் நாங்களும் எண்ணுவோம். தகட்டில் தெரிவது எல்லாம் இரட்டை இழைக் குரோமோசோம். 92 என்று எவரும் எழுதுவதில்லை.

தாராபுரத்தான் | செவ்வாய், இரவு 9.55

மாமா, கால்ச்சிசின் என்று சொன்னீர்களே, அது எங்கள் ஊர்ச் சரக்கு! செங்காந்தள். எங்கள் பக்கம் கண்வலிக்கிழங்கு என்போம். தாராபுரம், மூலனூர் பக்கம் பந்தல் கம்பியில் ஏற்றி ஏக்கர் கணக்கில் போட்டிருப்பார்கள். விதையை எடுத்து மருந்துக் கம்பெனிக்கு விற்பது. அதிலிருந்துதான் கால்ச்சிசின் பிரிக்கிறார்கள், கவுட் என்கிற மூட்டுவலிக்கு மருந்து. கிழங்கும் விதையும் கடுமையான விஷம், குழந்தைகளை அண்ட விடமாட்டார்கள்.

இந்த இழையைப் படித்த பிறகு ஒன்று தோன்றியது. நடுவது கிழங்கை, விற்பது விதையை. கிழங்கிலிருந்து வருகிற செடி தாய்ச்செடியின் அச்சு, மைட்டாசிஸ்தான். விதை பிடிக்க மகரந்தமும் சூல்முட்டையும் வேண்டும், அதற்கு மியாசிஸ். விதை நன்றாகப் பிடிக்கட்டும் என்று காலையில் ஆட்கள் வரிசையாகப் போய்ப் பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கையால் தொட்டு வைப்பார்கள். முதுகு ஒடிந்துவிடும். மைட்டாசிஸை நிறுத்துகிற மருந்துக்காக, மியாசிஸில் விளைந்த மகரந்தத்தைக் கையால் பரப்புகிறோம்.

மனப்பாட_மன்னன் | செவ்வாய், இரவு 10.03

சரி, இதுவரை யாரும் சொல்லாத ஒன்று நான் சொல்கிறேன். நித்தியகல்யாணிப் பூவும் அப்படித்தான். அதிலிருந்து எடுக்கிற வின்கிறிஸ்டின் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து. நுண்குழல் உருவாவதையே தடுக்கும். புற்றுநோய் செல் வேகமாகப் பிரிகிறது, அதனால் முதலில் அது அடிபடும். முடி கொட்டுவதும் அதனால்தான், முடி வேரிலும் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கின்றன. நானும் ஏதோ படித்தவன்தான், நம்புங்கள்.

ஈசூன்_மீனா | புதன், மதியம் 1.20

ஒரு சந்தேகம், பாடத்துக்கு வெளியே. அக்காவுக்கு 38 வயது, இப்போது மூன்றாம் மாதம். என்ஐபிடி என்ற ரத்தச் சோதனை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வயது கூடினால் டவுன் சின்ட்ரோம் வாய்ப்பு கூடும் என்கிறார்கள். ஏன் என்று யாரும் சொல்வதில்லை. மாமியார் வேறு, 'தாமதமாகக் கல்யாணம் பண்ணினால் இப்படித்தான்' என்று வாய்க்கு வந்தபடி பேசுகிறார்.

ஸ்லைடு_மாமா | புதன், மாலை 5.45

மீனா, நான் டாக்டர் இல்லை. முடிவுகளை மருத்துவரிடமே கேளுங்கள். எனக்குத் தெரிந்த உயிரியலைச் சொல்கிறேன்.

பெண் குழந்தை தாய் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய முட்டைச் செல்கள் மியாசிஸைத் தொடங்கிவிடும். ஜோடி சேர்ந்து, துண்டு மாற்றி, முதல் பிரிவின் புரோஃபேஸிலேயே அப்படியே நின்றுவிடும். பிறக்கும்போது பத்து முதல் இருபது லட்சம் வரை இருக்கும். பூப்பெய்திய பிறகு மாதத்துக்கு ஒன்று என்று நின்ற இடத்திலிருந்து தொடரும். அதுவும் முழுதாக முடிக்காது, இரண்டாம் பிரிவின் மெட்டாஃபேஸில் மறுபடி நிற்கும். விந்தணு உள்ளே வந்தால்தான் மிச்சம் நடக்கும்.

உங்கள் அக்காவின் முட்டை உங்கள் அம்மா அக்காவைச் சுமந்தபோதே தொடங்கிய வேலை. டீச்சர் சொன்ன கோஹீசின் அப்போதே மாட்டப்பட்டது. 38 வருடம் அது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். எலிகளில் பார்த்தால் வயதோடு அது குறைகிறது, புதிதாகப் போட்டு ஈடுகட்டுவதாகவும் தெரியவில்லை. பிடி தளர்ந்தால் ஜோடி முன்கூட்டியே கழன்று, தவறான பக்கம் போகும் வாய்ப்பு கூடும். வயதுக் கணக்குக்கு இன்று சொல்லப்படும் முக்கியமான விளக்கம் இது.

21ஆம் குரோமோசோம் மூன்று இருப்பதுதான் டவுன் சின்ட்ரோம் என்று 1959இல் லெஜூனும் மார்த் கோத்தியேயும் அவர்கள் குழுவும் வெளியிட்டார்கள். பிறப்பில் தோராயமாக 25 வயதில் ஆயிரத்துச் சொச்சத்தில் ஒன்று, 35இல் 350இல் ஒன்று, 40இல் நூற்றில் ஒன்று. 38 என்பது இரண்டுக்கும் நடுவில். திருப்பிப் பார்த்தால் நூற்றுக்கு 99க்கு மேல் அந்தக் குழப்பம் இல்லை.

என்ஐபிடி பற்றி ஒன்று. அது அம்மாவின் ரத்தத்தில் மிதக்கும் நஞ்சுக்கொடி டிஎன்ஏயைப் பார்ப்பது, குழந்தையை நேரடியாகப் பார்ப்பதில்லை. கரு வளரும்போது மைட்டாசிஸில் ஒரு பிழை நஞ்சுக்கொடிப் பக்கச் செல்லில் மட்டும் நேர்ந்திருக்கலாம், குழந்தை சரியாகவே இருக்கலாம். அதனால்தான் அதில் 'அதிக அபாயம்' என்று வந்தாலும் பனிக்குட நீரோ நஞ்சுக்கொடித் திசுவோ எடுத்து உறுதிசெய்துகொள்ளச் சொல்வார்கள். இது வடிகட்டும் சோதனை, தீர்ப்பு இல்லை.

கோப்பி_கொசோங் | புதன், மாலை 6.10

எப்போதும் பெண் வயதுதானா? ஆம்பளைக்கு அறுபதில் பிறந்தாலும் 'சிங்கம்' என்பார்கள். எங்கள் வீட்டுப் பக்கமும் இதே கதைதான், கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

ஸ்லைடு_மாமா | புதன், மாலை 6.38

நியாயமான கேள்வி அம்மா. 21ஆம் குரோமோசோம் பிரியாமல் போகும் பிழையில் பத்தில் ஒன்பது முட்டைப் பக்கம் நடப்பது உண்மை. ஆனால் அப்பா பக்கத்துக்கு வேறு கணக்கு இருக்கிறது. ஆணின் விந்து மூலச்செல்கள் பூப்புக்குப் பிறகு வாழ்நாள் முழுக்க மைட்டாசிஸில் பிரிந்துகொண்டே இருக்கின்றன, சுமார் 16 நாளுக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் முழு டிஎன்ஏயும் நகலெடுக்கப்படுகிறது. நகலில் எழுத்துப்பிழை சேரும். அப்பாவின் வயது ஒரு வருடம் கூடினால் குழந்தையிடம் சுமார் இரண்டு புதிய பிறழ்வுகள் கூடுகின்றன என்று ஐஸ்லாந்துக் குடும்பங்களை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை, ஆனாலும் இருக்கின்றன. அம்மா பக்கம் பிரிப்பதில் பிழை, அப்பா பக்கம் நகலெடுப்பதில் பிழை. மாமியாரிடம் அப்படியே சொல்லுங்கள் மீனா.

முதல் மூன்று மாதத்தில் நேரும் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதியில் குரோமோசோம் எண்ணிக்கை தவறியிருக்கும். இதுவும் யார் செய்த குற்றமும் இல்லை. ஓடியதால், பப்பாளி சாப்பிட்டதால் என்று பழி போடுகிற வீடுகளில் இதைச் சொல்ல ஆள் வேண்டும்.

ஈசூன்_மீனா | புதன், இரவு 7.30

மிக்க நன்றி மாமா. அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். மாமியாருக்கு அனுப்பத் தைரியம் இல்லை 😀

புக்கித்தீமா_தோட்டம் | புதன், இரவு 9.05

வாழைப்பழம் என்றதும் வந்தேன். டீச்சர் உதாரணத்துக்குச் சொன்னார், ஆனால் வாழையே இந்தப் பாடத்துக்கு நல்ல கேஸ். நாம் கடையில் வாங்கும் கேவண்டிஷ் வாழைக்கு மூன்று தொகுதி, மொத்தம் 33 குரோமோசோம். மூன்று பேர் ஜோடி சேர்வது எப்படி? மியாசிஸ் முதல் பிரிவிலேயே குழப்பம், உருப்படியான முட்டை வராது, அதனால் விதை இல்லை. காட்டு வாழைக்கு 22, உள்ளே கல் மாதிரி விதை, பல் போய்விடும். விதையில்லாத தர்ப்பூசணியும் இதே தந்திரம். அங்கேயும் தாராபுரத்தான் ஊர் மருந்துதான். கால்ச்சிசினால் 22ஐ 44 ஆக்கி, அதைச் சாதாரண 22ஓடு சேர்த்தால் 33.

விதை இல்லாவிட்டால் பக்கக்கன்றை வைத்துத்தான் பெருக்க வேண்டும். 'வாழையடி வாழையாக' என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறோமே, உண்மையில் அது மைட்டாசிஸ் வாழ்த்து. தோப்பு முழுக்க ஒரே ஆள். அதன் விலை என்ன என்றால், ஒரு நோய் வந்தால் மொத்தமும் காலி. முன்பு உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் வாழையைப் பனாமா வாடல் நோய் அப்படித்தான் வாரிக்கொண்டு போனது, அதற்குப் பிறகு வந்ததுதான் கேவண்டிஷ்.

நம்ம சிங்கப்பூரின் தேசிய மலரையும் பாருங்கள். வாண்டா மிஸ் ஜோக்கிம், ஆக்னஸ் ஜோக்கிமின் தோட்டத்தில் பூத்தது. தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி அதைப் பற்றி 1893இல் எழுதினார், 1981இல் தேசிய மலரானது. வாண்டா ஹூக்கரியானாவும் வாண்டா டெரஸும் சேர்ந்த கலப்பு. கலப்பு உண்டானது மியாசிஸால் வந்த மகரந்தமும் முட்டையும் சேர்ந்து. ஆனால் அந்த ஒரு செடி ஊர் முழுக்கப் பரவியது தண்டை வெட்டி வெட்டி நட்டதால். வெட்டுத் தண்டில் வளர்ந்தவை எல்லாம் அதே ஜோக்கிம் அம்மையார் செடியின் நீட்சி.

ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்கு இது தினசரிப் பாடம். ஒரே காயில் லட்சக்கணக்கில் தூசி மாதிரி விதை இருக்கும், குடுவையில் சர்க்கரைச் சத்துக் களியில் முளைக்கவைக்க வேண்டும். ஒரே காயின் பிள்ளைகள், ஆனால் ஒன்றின் உதடு சிவப்பு, ஒன்று வெளுப்பு, ஒன்று பூக்கவே அழும். பிடித்தது ஒன்று கிடைத்ததும் நுனிக் குருத்தைத் திசு வளர்ப்பில் போட்டு ஆயிரம் செடி எடுப்பார்கள், எல்லாம் ஒரே அச்சு. தேர்ந்தெடுக்க மியாசிஸ், பெருக்க மைட்டாசிஸ். தாவரவியல் பூங்காவில் 1928 வாக்கில் ஹோல்ட்டம் தொடங்கிவைத்த கலப்பின வேலை இந்த இரண்டு காலில்தான் இன்றும் நடக்கிறது.

செங்காங்_மகள் | வியாழன், இரவு 8.15

வணக்கம், அப்பா கணக்கு வழியாக இல்லாமல் நானே வந்துவிட்டேன். உமா ஆண்ட்டி, எனக்கு இரண்டு சந்தேகம். மியாசிஸ் இரண்டாம் பிரிவை 'மைட்டாசிஸ் மாதிரி' என்று எழுதலாமா? அப்புறம், ஸ்லைடு அங்கிள், டவுன் சின்ட்ரோமில் பிழை பெரும்பாலும் முதல் பிரிவில் நடந்தது என்று படித்தேன். அது நடந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டதே. முட்டையே இல்லை, குழந்தைதான் இருக்கிறது. முதல் பிரிவா இரண்டாம் பிரிவா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

உமா_டீச்சர் | வியாழன், இரவு 8.50

முதல் கேள்விக்கு நான். பிரிகிறவர்கள் சகோதரிகள் என்பதால் நடைமுறை மைட்டாசிஸ் மாதிரி, எழுதலாம் கண்ணு. கூடவே இரண்டு வித்தியாசத்தையும் எழுது. செல்லில் இருப்பது 23தான், முன்னதாக டிஎன்ஏ நகலெடுப்பும் நடக்கவில்லை. இன்னொன்று, குறுக்கே கலந்த பிறகு சகோதரிகள் அச்சுப் பிரதிகள் இல்லை, கைகளில் துண்டுகள் மாறிவிட்டன. மைட்டாசிஸில் இரண்டு மகள் செல்லும் ஒரே மாதிரி, இங்கே அப்படிச் சொன்னால் மார்க் போய்விடும். 'மரபணு ரீதியாக ஒரே மாதிரி' என்ற வரியை மைட்டாசிஸ் விடையிலிருந்து அப்படியே தூக்கிவந்து இங்கே போடுகிற பிள்ளைகள்தான் அதிகம்.

ஸ்லைடு_மாமா | வியாழன், இரவு 9.34

இரண்டாவது கேள்வி அருமையான கேள்வி. அதற்குச் சென்ட்ரோமியர் பக்கத்து டிஎன்ஏயைப் பார்ப்பார்கள். அம்மாவுக்கு 21ஆம் குரோமோசோம் இரண்டு, ஒன்று அவருடைய அம்மா தந்தது, ஒன்று அவருடைய அப்பா தந்தது. சென்ட்ரோமியரை ஒட்டிய இடத்தில் இரண்டுக்கும் எழுத்து வேறுபாடு இருக்கும். குழந்தைக்கு அம்மாவிடமிருந்து வந்த இரண்டு 21இலும் அந்த இடத்தில் இரண்டு வகையும் இருந்தால், ஜோடி பிரியவில்லை என்று அர்த்தம், அதாவது முதல் பிரிவு. இரண்டிலும் ஒரே வகை இருந்தால் சகோதரிகள் பிரியவில்லை, இரண்டாம் பிரிவு.

சென்ட்ரோமியரை ஒட்டிய இடம் ஏன் என்று நீயே யோசித்துப் பார்.

செங்காங்_மகள் | வியாழன், இரவு 9.52

தள்ளிப்போனால் குறுக்கே கலந்து எழுத்து மாறியிருக்கும், யார் சகோதரி யார் ஜோடி என்று சொல்ல முடியாது. பக்கத்தில் என்றால் கலப்பது அரிது. சரியா அங்கிள்?

ஸ்லைடு_மாமா | வியாழன், இரவு 9.58

சரி. அதே தகவலை வைத்தே கைகளில் எங்கே குறுக்கே கலந்தது, கலக்கவே இல்லையா என்றும் பார்ப்பார்கள். முதல் பிரிவில் தவறிய 21களில் பலவற்றில் முடிச்சே விழுந்திருக்காது, அல்லது முனைக்கு வெகு அருகில் விழுந்திருக்கும். டீச்சர் செவ்வாய்க்கிழமை சொன்ன இழுவிசைக் கணக்கை இதோடு சேர்த்துப் படி.